துண்டுக்கு அடியில் முடிந்த விலை

கேட்காமலே விலையை இறக்குகிறவனிடம் எதையும் வாங்காதே என்பது முதல்முறை சந்தைக்கு மாடு ஓட்டி வந்தவனுக்கும் தெரியும். சரக்குக்குள்ளே ஏதோ இருக்கிறது என்று அர்த்தம். குளம்புக்குள் புண் இருக்கலாம், கண்ணில் பூ விழ ஆரம்பித்திருக்கலாம், பகலெல்லாம் சாதுவாக அசைபோட்டுவிட்டு இருட்டினதும் எஜமானைக் குத்துகிற மாடாகவும் இருக்கலாம். மீசை அரும்பும் முன்பே காரிமங்கலம் மாட்டுச் சந்தையில் தரகுக்கு நின்ற மாயவனுக்கு இதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனாலும் மண்டிக்காரர் கோவிந்தன் துண்டுக்கு அடியில் தன் வீட்டு வாடகையைத் தானே இறக்கியபோது அவன் கையை உருவிக்கொள்ளவில்லை. உருவிக்கொள்கிற நிலைமையில் அவன் இல்லை.

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவது கிடையாது. மாட்டின் உதட்டைத் தூக்கிப் பல்லை எண்ணி வயசு பார்த்த பிறகு, வாங்குகிறவனும் விற்கிறவனும் கையைக் கோத்துக்கொண்டு மேலே ஒரு துண்டைப் போட்டுக்கொள்வார்கள். எத்தனை விரலைப் பிடிக்கிறார்களோ அத்தனை. பத்தா நூறா என்பது சரக்கைப் பார்த்தாலே தெரியும். உள்ளங்கையில் கட்டைவிரலை வைத்து அழுத்திவிட்டால் முடிந்தது. அப்புறம் பெற்ற தாய் வந்து அழுதாலும் பேச்சு மாறாது. சுற்றி நிற்கிற கூட்டத்துக்குத் துண்டு நெளிவது தெரியும், இரண்டு முகங்கள் கல் மாதிரி இருப்பது தெரியும், வேறொன்றும் தெரியாது. சந்தையில் பழகினவர்கள் வீட்டு வாடகையைக்கூட அப்படித்தான் பேசுவார்கள். வாய் பொய் சொல்லும், விரல் சொல்லாது என்று ஒரு நம்பிக்கை.

கோவிந்தன் முதலில் நான்கு விரலைப் பிடித்தார். மாயவன் மூன்றைத் தேடிப் பிடிப்பதற்குள் அவரே இரண்டுக்கு வந்தார். மாயவன் திகைத்து நிற்க, அதையும் விட்டுவிட்டுச் சுண்டுவிரலை மட்டும் பிடித்து, மறுபேச்சுக்கு இடம் வைக்காமல் கட்டைவிரலை அழுத்தினார். கடலை மூட்டையில் ஒரு பிடி குறைந்தாலும் ஊரைக் கூட்டுகிற மனுஷர். அவர் உள்ளங்கை ஈரமாக இருந்தது.

“கொலைக் கேசுதானே?” என்றார்.

“கைகலப்புங்க. தடியால ஒரு அடி. ஆஸ்பத்திரியில போயிட்டான்.”

“ஊருக்குத் தெரியுமில்ல?”

“தெரியாதவங்க யாருங்க? சந்தை நடுவுல நடந்தது.”

“அது போதும்.” பிறகு, ஏதோ மறந்துபோனதைக் கேட்கிறவர் போல, “புள்ளைங்க?”

“ஒரு பொண்ணுங்க. இப்பத்தான் பல்லு விழுந்து மொளைக்குது.”

சாவியைக் கொடுத்த பிறகு கோவிந்தன் தன் கையை அந்தத் துண்டிலேயே துடைத்துக்கொண்டார். நெடுநேரம் துடைத்தார்.

தருமபுரி தனி ஜில்லாவாகிச் சில வருஷங்களே ஆகியிருந்தன. குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் வந்து இறங்க இறங்க, மாட்டுக் கொட்டாயை எல்லாம் வெள்ளையடித்து ‘போர்ஷன்’ என்று பெயர் வைத்து வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டுக்குப் பஞ்சமில்லை. மாயவனுக்குத்தான் இல்லை. ஊர் எது, என்ன சாதி, என்ன தொழில் என்ற கேள்விகளையெல்லாம் அவன் தாண்டிவிடுவான். ‘இத்தனை நாளா எங்க இருந்தீங்க?’ என்று ஒன்று வரும். சேலத்தில் என்பான். சேலத்தில் எங்கே? அஸ்தம்பட்டி. அஸ்தம்பட்டியில் ஆயிரம் வீடுகள் இருக்கின்றன. கேட்கிறவர் கண்ணுக்கு மட்டும் உயரமான மதில் வைத்த ஒரே கட்டடம்தான் தெரியும். ‘இப்பத்தான் ஒருத்தருக்கு வாக்குக் குடுத்துட்டேங்க’ என்பார்கள். வாக்கு வாங்கினவர் வருவதே இல்லை. ‘வீடு வாடகைக்கு’ என்ற அட்டை மட்டும் மழையில் நனைந்து, வெயிலில் சுருண்டு, அங்கேயே தொங்கும்.

அதுவரை அவனுக்குப் படுக்க இடம் கொடுத்தவர் நூர் பாஷா. காரிமங்கலம் கடைவீதியில் பூட்டும் சாவியும் ரிப்பேர் செய்கிறவர். ஜெயிலில் இருந்து வந்தவனைப் பூட்டுக் கடையில் படுக்க வைத்திருக்கிறாரே என்று தெருவே சிரித்தது. “திருடப் போறவன் பூட்டைத் திருடுவானா, போங்கய்யா,” என்று அவரும் சிரித்துக்கொண்டே அரம் போடுவார். ஆனால் பூட்டுக் கடைக்கு மனைவியையும் மகளையும் கூட்டிவர முடியாது.

மனைவி நஞ்சம்மாளும் மகள் தீர்த்தாவும் பொம்மிடியில் இருந்தார்கள், நஞ்சம்மாளின் அண்ணன் முனியப்பன் வீட்டில். முனியப்பன் கெட்டவன் அல்ல. தங்கைக்கும் பிள்ளைக்கும் இத்தனை வருஷம் சோறு போட்டவன். மாயவன் போய் நின்றபோது தண்ணீர் கொடுத்து, குடிக்கும்வரை காத்திருந்து, அப்புறம்தான் சொன்னான். “மச்சான், கதவு இருக்கற வூடா ஒண்ணு பாரு. அன்னிக்கே கொண்டாந்து வுடறேன். ஆடி முடியற வரைக்கும் பாப்பேன். அதுக்கு மேல அவளுக்கு நான் வேற வழி பாக்கணும். வந்து கேட்டுட்டுப் போயிருக்காங்க.” கதவோரம் நின்ற தீர்த்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவன் ஜெயிலுக்குப் போகும்போது அவள் கைக்குழந்தை. அவனை என்னவென்று கூப்பிடுவது என்று தெரியாமல், “இவங்களுக்கு இன்னும் தண்ணி வேணுமா?” என்று மாமனைக் கேட்டாள்.

ஆகையால்தான் அவன் கோவிந்தனின் கையை விடவில்லை.

வீடு சந்தைத் திடலை ஒட்டி இருந்தது. மைசூர்ப் பக்கத்து மாட்டு வியாபாரிகள் தங்குவதற்கென்று எந்தக் காலத்திலோ கட்டியது. முன்னால் கல்தூண் வைத்த தாழ்வாரம், உள்ளே இரண்டு அறை, பின்னால் நீளமாக ஒரு கொட்டகை, கொட்டகை முழுக்க வரிசையாகக் கல் தொட்டிகள். கரண்டு இல்லை. மாடு கட்டிப் பல வருஷம் ஆகிவிட்டது என்பது தொட்டிகளில் அடைந்திருந்த ஒட்டடையிலேயே தெரிந்தது. மாயவன் கூட்டினான், மெழுகினான், கதவுக்கு நூர் பாஷா கொடுத்த பூட்டைப் போட்டான். திறந்து பார்த்தான், மறுபடி பூட்டினான். தானே பூட்டித் தானே திறக்கிற கதவு.

முதல் சாயங்காலம் வந்தது வாசனைதான். வெயில் தாழ்ந்து, திடலின் புளியமரங்கள் கறுத்து, கடைவீதியில் ஒவ்வொன்றாக விளக்கு ஏறுகிற நேரத்தில், கொட்டகைப் பக்கமிருந்து புதுச் சாணத்தின் சூடும், நனைந்த வைக்கோலின் புளிப்பும், நெடுந்தூரம் நடந்துவந்த மாட்டின் வாயிலிருந்து வழிகிற நுரையின் பச்சை நாற்றமும் சேர்ந்து, ஒரு பெரிய மந்தை அப்போதுதான் வந்து படுத்தது போல வீட்டுக்குள் நகர்ந்து வந்து, அவன் உட்கார்ந்திருந்த தாழ்வாரத்தில் வந்து நின்றது. அவன் விளக்கோடு போய்ப் பார்த்தான். ஒட்டடை. காய்ந்த தொட்டி. வாசனைக்கு நடுவில் நின்றுகொண்டு வாசனை எங்கிருந்து வருகிறது என்று தேடினான்.

அடுத்த சாயங்காலம் மணி. தூரத்தில் இல்லை, கிட்டத்தில். சத்தமாக இல்லை, மாடு தலையை ஆட்டாமல் மூச்சு விடும்போது கழுத்து மணி தானாக ஒலிக்குமே, அந்த அளவு. ஒன்று. பிறகு அதற்குப் பக்கத்தில் இன்னொன்று.

அதற்கடுத்த நாள்தான் துண்டு. சுவரில் ஆணியில் மாட்டியிருந்தது, அவனுடைய தோள் துண்டுதான். காற்று இல்லை. கைவிளக்கு அசையவில்லை. துண்டின் நடுவில் மட்டும் மெதுவாக ஒரு புடைப்பு எழுந்து, சுருங்கி, மறுபடி எழுந்து, இடப்பக்கம் கொஞ்சம், வலப்பக்கம் கொஞ்சம் என்று நெளிந்தது. பல்லி என்று சொல்லிக்கொண்டான். பல்லிக்கு விரல் மடக்கத் தெரியாது. அந்த நெளிவை அவன் ஆயுசில் பாதி பார்த்திருக்கிறான். மூன்று. இரண்டரை. மூன்று. யாரோ பேரத்தில் இருந்தார்கள்.

ஓடிப்போயிருக்கலாம்தான். ஓடி எங்கே போவது? பேய் இருக்கிறது என்று வீட்டைக் காலி செய்தால் ஊர் என்ன சொல்லும்? அடித்துச் சாகடித்தவனைச் செத்தவன் வந்து பிடித்தான் என்று கைதட்டும். பொம்மிடிக்கு இவன் போய்ச் சேரும் முன்பே முனியப்பனுக்குச் செய்தி சேர்ந்துவிடும். பயந்தவன் காலி செய்யலாம். அதற்கு இன்னொரு வீடு கிடைக்கிறவனாக இருக்க வேண்டும்.

தவிர, ஜெயிலில் அவன் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. தொந்தரவு கொடுக்கிற எதற்கும் ஒரு விலை உண்டு. பக்கத்துப் பாயில் படுத்து எட்டி உதைக்கிறவனுக்கு ஒரு பீடி, சோற்றில் கல் போடுகிறவனுக்கு ஒரு கட்டு. முறைத்தால் வளரும், பேசி முடித்தால் அடங்கும். இந்த வீட்டில் இருப்பது எதுவானாலும், அதற்கும் அதன் வாடகை வேண்டும் போலிருக்கிறது. கேட்கும்போது பார்த்துக்கொள்ளலாம்.

ஆடி பாதியில் முனியப்பன் இருவரையும் கொண்டுவந்து விட்டான். கதவைத் தட்டிப் பார்த்தான். பூட்டை இழுத்துப் பார்த்தான். “கதவு கதவாட்டம்தான் இருக்குது,” என்று ஒப்புக்கொண்டு, தகரப் பெட்டியை இறக்கிவைத்துவிட்டுப் பஸ்ஸுக்குப் போனான்.

நஞ்சம்மாள் அடுப்புக்கு மண் குழைத்தாள். புகை எழுந்தது. வெங்காயம் வதங்கும் வாசனையில் மற்ற வாசனை இரண்டு நாள் பின்வாங்கிக் கொட்டகைக்குள் போய் நின்றுகொண்டது. அவள் அதிகம் பேசவில்லை. ஆனால் அவனுக்குச் சோறு போடும்போது கரண்டியைத் தட்டி உதறாமல், சரித்துப் போட்டாள். இது போதும் என்று மாயவனுக்குத் தோன்றியது.

மூன்றாம் நாள் பொழுது சாயும்போது தீர்த்தாவைத் தேடிக் கொட்டகைக்குப் போனான். அவள் கடைசித் தொட்டிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். அண்ணாந்து. வாயை அகலத் திறந்து. உதடு மேலே தூக்கியிருந்தது, யாரோ கட்டைவிரலால் தூக்கிப் பிடித்த மாதிரி. பால் பற்கள் விழுந்த இடத்தில் புதிதாக முளைத்த இரண்டு பற்கள் வெள்ளையாகத் தெரிந்தன.

“என்ன பாப்பா?”

வாய் மூடிக்கொண்டது. “ஒண்ணுமில்ல.”

“கொட்டாவியா?”

அவள் யோசித்தாள். அவனைத் தாண்டி அவன் பின்னால் பார்த்தாள். “ம்,” என்றாள்.

அன்றைக்கே அது விலை கேட்டது.

நஞ்சம்மாள் மண்ணெண்ணெய் வாங்கக் கடைவீதிக்குப் போயிருந்தாள். தீர்த்தா உள்ளறையில் தகரப் பெட்டி மேல் உட்கார்ந்து பாவாடையில் ஏதோ முடிந்துகொண்டிருப்பது கதவு வழியே தெரிந்தது. மாயவன் தாழ்வாரத்தில் தூணில் சாய்ந்திருந்தான். துண்டு மடியில் கிடந்தது, வலது கை அதற்கு அடியில், யோசனை ஏதும் இல்லாமல். திடலில் வெளிச்சம் வடிந்துகொண்டிருந்தது. மணிகள் ஒலித்தன, நிறைய, கொட்டகையில் இடமே இல்லாத அளவுக்கு. வாசனை வந்தது. தாழ்வாரம் முழுக்க நிறைந்தது. கழுத்தில் ஒரு மாட்டின் மூச்சு பட்டது போல் வெதுவெதுப்பு. பிறகு துண்டின் ஓரம் எழுந்தது.

கை ஒன்று உள்ளே வந்தது.

குளிர்ச்சி இல்லை. அதுதான் பயங்கரம். சாதாரணக் கை. காய்த்துப்போன, சொரசொரப்பான, கயிறு இழுத்துப் பழகிய தொழில்காரன் கை. அவன் விரல்களை ஒவ்வொன்றாகத் தடவி, நான்கைச் சேர்த்துப் பிடித்தது. எதிரில் யாரும் இல்லை. துண்டு மட்டும் முழங்கை நீளத்துக்கு வெளியே நீண்டு நின்று, அங்கே முடிந்தது.

மாயவன் கையை உருவப் பார்த்தான். ஆனால் பேரத்தில் இருக்கிற கையை நடுவில் உருவுவது எவ்வளவு பெரிய அவமானம் என்று அவன் கைக்குத் தெரியும். அவனைக் கேட்காமல் கை அங்கேயே நின்றது. நான்கு. நான்கு கேட்கிறது. நான்கு என்ன? ரூபாயா, சேவலா, அமாவாசைக்குப் படையலா? எதுவானாலும் முதலில் கேட்கிறதற்குத் தலையாட்டினவன் உருப்பட்டதில்லை. உள்ளறையில் பிள்ளையின் பாவாடை சலசலத்தது. இந்த வீடு நிற்க வேண்டும். இவள் இங்கே இருக்க வேண்டும். பழைய மாயவன், சந்தையின் மாயவன், பயத்துக்கு அடியிலிருந்து எழுந்து வந்து, அந்தக் கையின் ஒரே ஒரு விரலைப் பிடித்தான். ஒன்று. அதற்கு மேல் இல்லை.

கை அசையாமல் இருந்தது.

பிறகு, நம்பாதது போல, அவனுடைய ஒரு விரலைத் தொட்டுக் கேட்டது. ஒன்றா?

ஒன்றுதான் என்று அவன் இறுக்கிப் பிடித்தான்.

அந்தக் கை நடுங்கியது. முகத்தைக் கல்லாக வைத்துக்கொண்டு வயிற்றுக்குள் சிரிக்கிறவனின் கை அப்படித்தான் நடுங்கும். அதன் கட்டைவிரல் அவன் உள்ளங்கையைத் தேடி வந்து அழுத்தியது. அவனும் அழுத்தினான். முடிந்தது. துண்டு தொப்பென்று மடியில் விழுந்தது. மணிகள் ஒரே சமயத்தில் நின்றன.

அன்றைக்கு இரண்டு முறை சோறு வாங்கிச் சாப்பிட்டான். நான்கைக் கேட்டதை ஒன்றில் மடக்கினேன், ஜெயிலுக்குப் போய் வந்தும் கை மறக்கவில்லை என்று தனக்குள் சொல்லிக்கொண்டான். வாசனை இல்லை, சத்தம் இல்லை. தீர்த்தா தூக்கக் கலக்கத்தில் அவன் பாயின் ஓரத்தில் தலை வைத்துவிட்டாள். அவன் அசையாமல் படுத்திருந்தான்.

காலையில் நஞ்சம்மாள் சாணம் தெளித்துவிட்டு வந்து கையை நீட்டினாள். “இந்தாங்க. வாசப்படியில இருந்தது.”

வெற்றிலை ஒன்று, அதன்மேல் ஒரு வெள்ளிக் காசு. பழைய ராஜா தலை போட்டது. தேய்ந்து, ஈரமாக இருந்தது.

“எவனோ தவற வுட்டிருப்பான்,” என்றான்.

“வெத்தல மேலயா தவற வுடுவாங்க? நல்லதுக்குத்தான் வந்திருக்குது. வச்சுக்குங்க.”

வைத்துக்கொண்டான். நல்ல சகுனம் என்று அவனும் நினைக்கப் பார்த்தான். வேலை தேடி அலைந்துவிட்டு, மத்தியானத்துக்கு மேல் நூர் பாஷா கடைக்குப் போய்க் காசைக் காட்டினான். அவர் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு பார்த்தார்.

“அசல் வெள்ளி. எந்த மாட்டை வித்தே?”

“மாடா? ஏன் பாய்?”

“வெத்தலையில வச்ச காசுங்கிறே. அச்சாரம்தானே அது?”

“நான் எதையும் விக்கல பாய். நான் வாங்கினவன். வாடகைக்கு...” மாயவன் நிறுத்தினான்.

“வாங்கினவனுக்கு எவன்டா அச்சாரம் குடுப்பான்?” என்று சிரித்துக்கொண்டே காசைத் திருப்பிக் கொடுத்த நூர் பாஷா, அவன் முகத்தைப் பார்த்துச் சிரிப்பை நிறுத்தினார். அரத்தைக் கீழே வைத்தார். “மாயா. அந்த வூட்டைப் பத்தி உங்கிட்ட சொல்லணும்னுதான் இருந்தேன். உனக்குக் கெடச்சதே ஒரு வூடு, அதையும் ஏன் கெடுக்கணும்னு வுட்டுட்டேன். உனக்கு முன்னால ஒருத்தன் இருந்தான். சாராயக் கேசுல உள்ள போய் வந்தவன். எவனும் வூடு குடுக்கல, கோவிந்தன்தான் குடுத்தாரு. கொஞ்ச நாள்ல மறுபடியும் உள்ள போயிட்டான்.”

“என்ன கேசு?”

“பையனைக் காணோம். எங்கயோ கொண்டுபோய் வித்துட்டான்னு கேசு. வாங்கறதா நெனச்சு கைய அழுத்திட்டேன், வாங்கறதா நெனச்சு அழுத்திட்டேன்னு ஸ்டேஷன்ல ஒரே அழுகை. ஜெயிலுக்குப் போனவன் பேச்சை யாரு நம்புவாங்க?”

ஊருக்குத் தெரியுமில்ல? அது போதும்.

அன்றைக்குக் கோவிந்தன் கேட்டதன் அர்த்தம் விளங்கியதும் மாயவன் ஓடினான்.

நான்கு, கேட்ட விலை இல்லை. கொடுக்க வந்த விலை. நான்கு தருகிறேன் என்றவனிடம் ஒன்று போதும் என்று அடம்பிடித்து விற்றிருக்கிறான். கடைவீதி அவனைப் பார்த்து ஒதுங்கியது. கொலைகாரன் ஓடுகிறான் என்று யாரோ பிள்ளையை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். வெயில் மஞ்சளாகிச் சிவப்பாகிக்கொண்டிருந்தது. காசு உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நஞ்சம்மாள் வாசலில் நின்றாள்.

“பாப்பா எங்க?”

“உங்ககூட இல்லையா?” என்றாள். “அப்பா கூப்பிடறாங்கன்னு சொல்லிட்டுத்தானே போனா. மொத தடவையா அப்பான்னு சொன்னாளேன்னு நானும் வுட்டுட்டேன்.”

அவன் அவளைத் தாண்டிப் பார்த்தான். வாசற்படியில் ஒரு வெற்றிலை. அதன்மேல் தீர்த்தாவின் சிவப்பு ரிப்பன். போட்ட முடிச்சு போட்டபடியே இருந்தது.

மாட்டை வாங்குகிறவன் பழைய கயிற்றோடு ஓட்டிப் போவதில்லை. புதுக் கயிறு கொண்டுவந்து கட்டி, பழையதை விற்றவனிடமே கொடுத்துவிட்டுத்தான் போவான். அவனவன் வீட்டு லட்சுமி அவனவனிடம் இருக்கட்டும் என்பது வழக்கம்.

“நேத்தே ஒண்ணு சொன்னா,” நஞ்சம்மாளின் குரல் மெல்லியதாகிக்கொண்டு வந்தது. “ஒரு தாத்தா வாயத் தொறக்கச் சொன்னாரு, ரெண்டு பல்லுன்னு சொல்லிட்டுத் தட்டிக் குடுத்தாருன்னு. பக்கத்து வூட்டுக்காரர்னு நெனச்சேன். இங்க பக்கத்து வூடு ஏதுங்க?”

அவன் திடலுக்குள் இறங்கினான்.

சந்தை நாள் இல்லை. புளியமரங்கள். முளைக்குச்சிகள். காய்ந்த தரை. ஆள் இல்லை, மாடு இல்லை. வாசனை இருந்தது. மணிகள் இருந்தன, நூற்றுக்கணக்கில், மூச்சு விடுகிற அளவு. கடைசி வெளிச்சம் தரையோடு தரையாகக் கிடந்தது.

நடுவில் தீர்த்தா நின்றாள்.

கழுத்தில் புதுக் கயிறு. மஞ்சள் நிறம். நார் வாசனை அவன் நின்ற இடம்வரை வந்தது. மறுமுனை முளையில்.

அவளைச் சுற்றித் துண்டுகள். அந்தரத்தில். இடுப்பு உயரத்தில். வெள்ளை, காவி, கட்டம் போட்டது. இரு முனையிலும் யாரும் இல்லை. ஒவ்வொன்றும் நடுவில் புடைத்து, நெளிந்து, சுருங்கியது. இரண்டு. ஐந்து. ஏழு. விலை ஏறிக்கொண்டிருந்தது.

ஒரு துண்டு நின்றது. இன்னொன்று அவளிடம் நகர்ந்து வந்தது. தீர்த்தா அண்ணாந்தாள். வாயைத் திறந்தாள். உதடு மேலே தூக்கியது. பிறகு அடுத்தது வந்தது. மறுபடி திறந்தாள். கேட்காமலே திறந்தாள்.

“பாப்பா.”

அவள் திரும்பவில்லை. காது மட்டும் அசைந்தது.

ஒரு துண்டு கூட்டத்திலிருந்து பிரிந்து அவனிடம் வந்தது. எதிரில் நின்றது. ஓரம் எழுந்தது. உள்ளே இருட்டு.

அவன் காசை நீட்டினான். துண்டு அசையவில்லை. காசைக் கீழே போட்டான். அசையவில்லை.

அவளைத் திருப்பி வாங்க, கையை உள்ளே விட்டான்.

சொரசொரப்பான விரல்கள் அவன் விரல்களைத் தேடின. ஒன்றைப் பிடித்தன. இரண்டை. ஐந்தையும் பிடித்தன. சரி என்று கட்டைவிரலை அழுத்தப் போனான். ஐந்தும் போதாது என்பது போல விரல்கள் நிற்கவில்லை. மணிக்கட்டைப் பிடித்தன. முழங்கையைப் பிடித்தன. இன்னும் மேலே, தோளுக்கு, மெதுவாக, எண்ணி எண்ணி.